கரி மாப்பிள்ளையா, காற்று மாப்பிள்ளையா

தொண்ணூறுகளின் நடுவில் என் மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வரன்கள் வந்தன. ஒருவர் அனல் மின் நிலையத்தில் இன்ஜினியர். இன்னொருவர் தெற்கே காற்றாலை நிறுவும் கம்பெனியில் இன்ஜினியர். படிப்பு, உயரம், ஜாதகப் பொருத்தம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய சமம். என்னைத் தூங்கவிடாதது வேறு கவலை. மாப்பிள்ளை ஓய்வு பெறும்வரை நாட்டில் நிலக்கரி இருக்குமா?

பேப்பர்களைப் புரட்டினேன். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றது ஒன்று. பேரன் காலத்துக்கும் காணும் என்றது இன்னொன்று. இருந்தாலும் உலகம் எரிக்கவிடாது, பூமி சூடாகிறது என்றது மூன்றாவது. காற்றோ ஆடியில் அடிக்கும், மார்கழியில் படுத்துவிடும்.

அனல் மின் நிலையப் பையனின் அப்பா பெண் பார்க்க வந்தபோது, கேசரி அவர் வாயில் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"உங்க பையன் பிளான்ட்டுக்குக் கரி எங்கேர்ந்து வருதுங்க? அந்தச் சுரங்கத்துல இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்கும்?"

அவர் மென்று விழுங்கிவிட்டு, "நான் ஜவுளிக்கடை வெச்சிருக்கேங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"பையன் குடிப்பானா, சீட்டாடுவானானு கேப்பாங்க. இவரு பூமிக்கு அடியில என்னா இருக்குதுனு கேக்கறாரு" என்றாள் என் மனைவி.

வெள்ளிக்கிழமை காலையில், அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். சிவப்புப் பூ வைத்த பொட்டலம் கரி, வெள்ளைப் பூ வைத்தது காற்று. எது கைக்கு வருகிறதோ அதுவே அம்பாள் உத்தரவு. இரண்டையும் கட்டிய பிறகு மனம் கேட்கவில்லை. அணு மின்சாரத்தை மறைத்துவிட்டு அம்பாளிடம் உத்தரவு கேட்பது நியாயமா? வில்வம் வைத்து இன்னொன்று கட்டினேன்.

குருக்கள் தட்டைப் பார்த்தார். "வரன் ரெண்டுனு சொன்னீங்க. பொட்டலம் மூணு இருக்கே."

"மூணாவது அணுங்க."

"பையன் எந்த ஊரு?"

"பையன் இனிமேதான் பார்க்கணும்."

அவர் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் வில்வம்.

அணு மின் நிலையத்தில் கல்யாணமாகாத இன்ஜினியர் உண்டா என்று யாரைக் கேட்பது? யோசித்தபடி செருப்பைத் தேடினேன். மகள் வழிமறித்தாள்.

"அப்பா, எனக்குக் கரிக்காரரைப் புடிச்சிருக்கு. நீங்க நாட்டுக்கே கரண்ட் குடுத்துட்டு வர்றதுக்குள்ள அவங்க வேற எடம் பாத்துடுவாங்க."

"கரி தீந்துட்டா?"

"வேற வேலை தேடுவாரு. நான் கட்டிக்கப் போறது ஆளை, சுரங்கத்தை இல்ல."

"அம்பாள் உத்தரவு?"

"வந்த ரெண்டு பேரையும் வேணாம்னு அம்பாள் சொல்லல. இல்லாத ஆளை உள்ள கூட்டினு வந்தது நீங்க."

தெரு முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் அவளே நம்பரை அழுத்தி, ரிசீவரை என் கையில் திணித்தாள். சம்மதம் என்றேன். ஜவுளிக்கடைக்காரர் பெரிதாக மகிழ்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரே ஒரு வேண்டுகோளுங்க. ரிசப்ஷனைப் பகல்லயே வெச்சுக்கலாம். சாயங்காலம்னா கரண்டை நம்ப முடியல."