இடது கண்ணில் இல்லாத கப்பல்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 11, திங்கட்கிழமை, மாலை நாலேகால் மணி. வானத்தில் மேகம் கிடையாது. வாடைக் காற்று அன்று அடங்கியிருந்தது; கடல் தட்டையாகக் கிடந்தது. தூரத்துப் பார்வைக்கு இதைவிடத் தோதான நாள் வருடத்தில் பத்துகூடத் தேறாது என்று அப்போதே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவும் நினைவிருக்கிறது. அந்த நாளில்தான் என் மகள் கப்பலைக் காணோம் என்றாள்.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும்; தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். நான் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. பஞ்சுப் பொதி, வெங்காய மூட்டை, உப்பு மூட்டை, எதுவானாலும் தோணியில் ஏறும்போது ஒரு தடவை எண்ண வேண்டும்; கப்பல்காரன் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். மாதம் நாற்பத்தெட்டு ரூபாய். வேலை முடிந்தாலும் எண்ணுவது நிற்காது. படியேறினால் படி, சாப்பிட உட்கார்ந்தால் அப்பளம். வீட்டில் இது பெரிய தொந்தரவு.

ஆபீஸ் மொட்டைமாடியில் மூன்று கால் வைத்த ஒரு பித்தளைத் தொலைநோக்கி உண்டு. வேலை குறைந்த நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போய், முக்காலியில் ஏற்றி, அதில் காட்டுவேன். அவளுக்கு அப்போது நாலு வயது ஐந்து மாதம். வருகிற ஜூனில் பள்ளிக்கூடம். தலைக்கு மேலாகக் கையை வளைத்து எதிர்க் காதைத் தொட முடிகிறதா என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். கை எட்டியது, மூன்று தடவை நானே பார்த்துக்கொண்டேன். கண் எதுவரை எட்டுகிறது என்று பார்க்க எனக்கும் தோன்றவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் தோன்றாது. என் மகள் பார்வையில் கெட்டிக்காரி என்று ஆபீஸ் முழுவதும் பெருமை அடித்துவைத்திருந்தேன். பாயில் ஒட்டுப் போட்டிருக்கிற தோணி எது என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

அன்று யாரோ தொலைநோக்கியைப் படிக்கட்டு அறையின் சுவரை ஒட்டி நகர்த்தி வைத்திருந்தார்கள். இடப்பக்கம் சுவர் இடித்ததால் அவள் தலையை வலப்பக்கம் ஒதுக்கி, எப்போதும் வைக்கிற வலது கண்ணுக்குப் பதிலாக இடது கண்ணை வைத்தாள்.

"ஏட்டி, கப்பல் தெரியுதா?"

"கப்பல் போயிட்டு."

"எங்க போச்சு? இப்பத்தான் பொதி ஏத்துதான்."

"போயிட்டுப்பா. வெறும் வெள்ளையா இருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். புகைபோக்கி, கொடி, பக்கத்தில் மூன்று தோணி, எல்லாம் துல்லியமாக இருந்தன. மறுபடி அவளைப் பார்க்கச் சொன்னேன். கப்பல் இல்லை. தொலைநோக்கியைச் சுவரைவிட்டு இழுத்துவைத்தேன். வழக்கம்போல வலது கண்ணை வைத்தாள்.

"வந்துட்டு. மூணு தோணி நிக்குது."

பின்னால் நின்ற தலைமைக் குமாஸ்தா சிரித்தார். "என்னவே, உம்ம மவ கப்பலை அனுப்பி வைக்கா, திருப்பிக் கூப்பிடுதா. நம்ம ஏஜெண்டைவிடப் பெரிய ஆளால்ல இருக்கா."

நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் அவள் கையில் சீனிக்கிழங்கு இருந்தது. என் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மூடினேன். தின்றுகொண்டே இருந்தாள். வலது கண்ணை மூடினேன். கையைத் தட்டிவிட்டாள். இடது கண்ணை மறுபடி மூடினேன், ஒன்றும் இல்லை. வலது கண்ணை மூடியதும் என் கையைக் கடித்தாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டப்பிடாரத்துப் பெண், எதற்கும் சுருக்கமாகப் பதில் சொல்லுகிறவள்.

"மூட்டை எண்ணி முடிஞ்சிட்டு, இப்ப பிள்ள கண்ணையா?"

"ஏளா, இவளுக்கு இடது கண்ணுல சரியாத் தெரியலை."

"இடது கண்ணு அப்படித்தான் இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்னா?"

"இடது கையால ஒரு புள்ளிக் கோலம் இழுக்க முடியுமா? ஒண்ண வேலைக்கு வச்சிருக்கு, ஒண்ண துணைக்கு வச்சிருக்கு. கண்ணும் அதுபோலத்தான்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத் தெரியுதே."

"நீங்க இடது கையால எழுதுத ஆளு. உங்கள வச்சு ஊரைச் சொல்லாதிய."

நான் இடதுகைக்காரன் என்பது உண்மை. வாத்தியார் அடித்ததில் வலது கையாலும் எழுதப் பழகினேனே தவிர, பென்சில் தானாகப் போகிற கை இடதுதான். என் ஒருவன் கண்ணை வைத்து எதை நிரூபிப்பது? அவள் இன்னொன்றும் சொன்னாள்: "பொம்பளப் பிள்ள. கண்ணுல கோளாறுன்னு நீங்களே சொல்லிக்கிட்டு அலையாதிய. நாளைக்கு யாரு கட்டுவா?"

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோணித் துறையில் நின்று எண்ணும்போது மகளின் கண் குறுக்கே வந்தது. ஒரு நாள் கப்பல்காரன் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை, என் கணக்கில் நானூற்றுப் பதினொன்று. ஆறு வருஷத்தில் அப்படி ஆனதில்லை. தெருவில் போகிறவர்களின் கண்களைப் பார்த்தேன். என் மகளின் கண்ணில் ஒன்றரைக்கண் பார்வை இல்லை, பூ விழவில்லை, சிவப்பு இல்லை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மினுங்கின.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஆபீசில் என்னைத் தவிரப் பதினொரு பேர், எல்லாரும் வலதுகைக்காரர்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவரையும் சுவர்க் காலண்டருக்குப் பத்தடி தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னேன்.

"எண்ணுததுக்கு மூட்டை இல்லைன்னு எங்க கண்ணை எண்ண வந்துட்டீரா?" என்றார் தலைமைக் குமாஸ்தா. ஆனாலும் மூடிக் காட்டினார்.

இருபத்திரண்டு கண்ணில் இருபத்தொன்று தேதியைப் படித்துவிட்டது. மிச்சம் ஒன்று வாட்ச்மேன் அண்ணாச்சியுடையது. புரை விழுந்த கண். அதுவும் வலது கண்தான்.

மறுநாளே லீவு எழுதிக்கொடுத்தேன். திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டர் இருப்பதாக விசாரித்துவைத்திருந்தேன். மனைவி வர மறுத்தாள். அம்மா இல்லாமல் மகள் வர மறுத்தாள். ஆகவே மூன்று பேரும் ரயிலேறி, மணியாச்சியில் வண்டி மாறிப் போனோம். மணியாச்சியில் இணைப்பு வண்டி நாற்பது நிமிஷம் தாமதம். டாக்டர் எழுந்து போய்விடுவாரோ என்று நான் பிளாட்பாரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

எழுத்துத் தெரியாத பிள்ளைக்கென்று டாக்டரிடம் ஓர் அட்டை இருந்தது. மூன்று விரலை நீட்டியது போன்ற ஒரு குறி, பெரிதும் சிறிதுமாக, பல பக்கம் திரும்பியிருந்தது. விரல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று பிள்ளை தன் கையால் காட்ட வேண்டும். வலது கண்ணில் கடைசி வரிவரை காட்டினாள். இடது கண்ணில், எல்லாவற்றிலும் பெரிய முதல் குறிக்கே கையைத் தூக்கவில்லை. பிறகு மருந்துச் சொட்டு விட்டு, விளக்கு வெளிச்சத்தை ஒரு சிறு கண்ணாடியால் கண்ணுக்குள் அனுப்பி, வெகு நேரம் பார்த்தார்.

"கண்ணுல நோய் இல்லை. இடது கண்ணுக்கு மட்டும் பவர் அதிகமா வேணும். பிறந்ததிலிருந்து அதுல படம் மங்கலா விழுந்ததால, மூளை அதை ஒதுக்கி வச்சிட்டு வலது கண்ணை வச்சே காரியம் பார்க்குது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வச்சா, வேற வழியில்லாம இதுல பார்க்கப் பழகும். நாலு வயசுல கொண்டுவந்தது நல்லது. பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயசுலதான் கொண்டுவராங்க. அப்போ அநேகமாப் பழகாது."

"நல்ல கண்ணை மூடவா?" என்றாள் என் மனைவி. இடது கை, இடது கண் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அம்மா, நீங்க உங்க வலது கண்ணைக் கொஞ்சம் மூடுங்க. அந்த அட்டையில என்ன தெரியுது?"

"வெள்ளையா ஒண்ணு இருக்கு."

"அதுல குறி?"

"குறி எப்படித் தெரியும், இடது கண்ணுல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுதா?"

நான் என் வலது கண்ணை மூடினேன். தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. கடைசி வரி தவிர எல்லாம் தெரிந்தது.

"தெரியுது."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அவள் மகளை இன்னும் கொஞ்சம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் அவள் கண்ணுக்குள்ளும் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். மகளுக்கு இருந்ததே தாய்க்கும் இருந்தது. இவளுக்கும் கண்ணாடி போட்டால் என்ன என்று கேட்டேன்.

"வயசு இருபத்துமூணுங்கிறீங்க. இனிமே பழகாது. இவங்களுக்கு நாலு வயசுல யாராவது ஒருத்தர் கையை வச்சு மூடிப் பார்த்திருக்கணும்."

எனக்கு இப்போது எண்பத்து மூன்று. எந்த நாலு வயதுப் பிள்ளையைக் கண்டாலும் என் கை அதன் கண்ணை மூடத்தான் போகிறது. பெற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

திரும்பும்போது மணியாச்சியில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாகச் சிக்னல் கைகாட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி சென்னையிலிருந்து வர வேண்டும். யுத்தம் முடிந்து ஆறு மாதம் ஆகியும் எதுவும் எளிதில் கிடைக்காத காலம். ஏழு வாரம் தபால்காரனை நான் படுத்திய பாடு அவனுக்குத்தான் தெரியும். வந்த கண்ணாடி பெரிதாக இருந்தது. நாடா கட்டித் தலையில் நிறுத்தினோம். வலது கண்ணுக்கு மனைவி கறுப்புத் துணியில் ஒரு மூடி தைத்தாள். முதல் நாள் மகள் அதைப் பிய்த்தெறிந்தாள். இரண்டாம் நாள் மூக்குப் பக்கத்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஓர் இடத்தில் உட்கார்ந்து, அசையாமல், சத்தமில்லாமல் அழுதாள். அது எனக்குத் தாங்கவில்லை. அவிழ்த்துவிடப் போனேன்.

"தொடாதிய," என்றாள் மனைவி. தனக்கும் ஒரு மூடி தைத்து, தன் வலது கண்ணில் கட்டிக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். ரேஷன் அரிசியைப் புடைக்கிற சுளகு இரண்டில் கொட்டினாள். அந்த வருஷத்து ரேஷன் அரிசியில் பாதி கல். "வா பாப்போம். யாரு கல்லு நிறையப் பொறுக்குதான்னு அப்பா எண்ணட்டும்."

நான் எண்ணினேன். தாய் ஐந்து, மகள் ஒன்றும் இல்லை. அவர்கள் விட்டுவிட்ட கல்லை நான் இரண்டு கண்ணாலும் தேடி எடுத்தேன், பதினேழு. அப்படியும் அன்று சோற்றில் இரண்டு கல் கடித்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏளா, தாயிக்கும் பிள்ளைக்கும் கண்ணு நோவா? ஒட்டிக்கிடுமா?" என்று வாசலிலேயே நின்றாள். நாலைந்து நாளைக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் தீக்குச்சிகூடக் கேட்டு வரவில்லை. பெண்ணை யார் கட்டுவார் என்ற பேச்சை என் மனைவி அதன் பிறகு எடுக்கவில்லை.

ஜூனில் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். கை காதை எட்டுகிறதா என்று பார்த்தார்கள். காலையில் கண்ணாடியோடு பள்ளிக்கூடம், சாயந்தரம் மூடியோடு சுளகு. அந்த மாதம் மகள் நாலு கல் எடுத்தாள், ஆகஸ்டில் ஒன்பது. தீபாவளிக்கு முந்தின வாரம் இருபத்துமூன்று. என் மனைவியின் எண்ணிக்கை முதல் நாள் ஐந்து, தீபாவளிக்கும் ஐந்து. சில நாள் ஆறு, சில நாள் நாலு.

அன்று அவள் தன் மூடியை அவிழ்த்து மடித்தாள். "போதும். நான் தோத்துட்டேன்."

"இன்னும் ஒரு சுளகும்மா," என்றாள் மகள்.

"நீ பொறுக்கு. நான் பாக்குதேன்."

மறு வருஷம் பிப்ரவரியில் மகளை மொட்டைமாடிக்கு மறுபடி கூட்டிப் போனேன். தொலைநோக்கியை நானே சுவரை ஒட்டி நகர்த்தினேன். கடல் கொஞ்சம் கலைந்திருந்தது. இன்னொரு நாள் வந்திருக்கலாம் என்று பட்டது. அவள் கண்ணாடியோடு இடது கண்ணை வைத்தாள்.

"என்னவே, கப்பல் இருக்கா, போயிட்டா?" என்றார் தலைமைக் குமாஸ்தா.

"நிக்குது," என்றாள் மகள். "தோணி ரெண்டோ, மூணோ."

"ரெண்டா, மூணா? சரியாப் பாரு," என்றேன்.

"கலங்கலா இருக்குப்பா. ஆனா நிக்குது."

மூன்று தோணி. நான் திருத்தவில்லை.

அவளுக்கு எட்டு வயதாகும்வரை திருநெல்வேலிக்குப் போய்வந்தோம். கடைசித் தடவை அட்டையில் ஒரு வரி மட்டும் மிச்சம் வைத்து மற்றதெல்லாம் இடது கண்ணால் காட்டினாள். ரயில், பீஸ், சொட்டு மருந்து, உடைந்ததையும் சேர்த்து நாலு கண்ணாடி, எல்லாமாக நூற்று நாற்பத்தொரு ரூபாய் ஏழணா. அன்றைய என் மூன்று மாதச் சம்பளத்துக்கு இரண்டு ரூபாய் ஒன்பதணா குறைவு. என் மனைவியின் கண்ணைப் பார்த்ததற்கு டாக்டர் பீஸ் வாங்க மறுத்துவிட்டார். அவள் கண்ணுக்கு ஆன செலவு, போக ஒன்றும் வர ஒன்றுமாக மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டு: ஒரு ரூபாய் ஒன்பதணா.