ஒன்பதாவது படியைப் பார்க்கப் போனேன்

போத்தனூரில் ரயில்வேக்காரர்களுக்குப் பதினெட்டு வீடு. ஈரோட்டில் ஒரு சொட்டு மழைத் தண்ணீர் இறங்காத மஞ்சள் கிடங்கு இரண்டு. கோவையில் ஒரு பள்ளிவாசலுக்கு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற தொட்டி. சூலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலுக்கு மதில். கடைசியாக, கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்குப் புதுக் கட்டடம். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு மண்சட்டி தூக்கியவன் கட்டியவை இத்தனையும். வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் சுவர் எங்கே வரும் என்று சொல்லிவிடுவேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடித்தார்கள், கற்றுக்கொண்டேன்.

அந்தப் பள்ளியின் திறப்பு விழாவுக்கு, 1996 மாசியில் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குப் போத்தனூரில் டவுன் பஸ் ஏறினேன். காந்திபுரத்தில் ஒரு டீ. ஏழு மணிக்கு அவிநாசி, நம்பியூர் வழியாகக் கோபி போகும் பஸ். டிக்கெட் பதினான்கு ரூபாய், தூரம் சுமார் எண்பது கிலோமீட்டர். வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்துவிட்டு நடத்துனர் கேட்டார்.

"ஏனுங்க பெரியவரே, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"நாங் கட்டுன பள்ளிக்கூடத்தைத் தொறக்கறாங்க கண்ணு."

"அப்ப மாலையெல்லாம் உளும். வர்றப்ப நம்ம வண்டியிலயே வாங்க, பாக்கறேன்."

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பள்ளிப் படிகளில் வெட்டியிருந்த சொற்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். யெலெத், யோனேக், ஓலேல், காமூல், தாஃப், எலெம், நாஆர், பாகூர். எபிரேய மொழி. பைபிளின் பழைய பாகம் அந்த மொழியில்தான் எழுதப்பட்டதாம். பிள்ளை பிறந்ததிலிருந்து ஆளாகிற வரை ஒவ்வொரு பருவத்துக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிறந்தது யெலெத். பால் குடிப்பது யோனேக். பால் போதாமல் சோற்றுக்கு அழுவது ஓலேல். பால் மறந்தது காமூல். ஆத்தாள் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிவது தாஃப். எலும்பு உரம் பிடிப்பவன் எலெம். உதறிக்கொண்டு போகிறவன் நாஆர். முற்றிய இளைஞன், சண்டைக்கு ஆகிறவன், பாகூர்.

எனக்குக் காமூலுக்கு அப்புறம் நேராக மண்சட்டிதான். நடுவில் இருந்த பருவங்களை நான் பார்க்கவில்லை. நாஆருக்கு மட்டும் யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மகன் ஓசூரில் இருக்கிறான்.

இந்தச் சொற்களைக் கொண்டுவந்தவர் ஞானமுத்து வாத்தியார். அந்தப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எபிரேயம் படித்தவர். பள்ளி வாசலுக்கு எட்டுப் படி வைத்து, படிக்கு ஒரு சொல்லும் அதற்குத் தமிழும் வெட்ட வேண்டும் என்றார். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் எட்டுப் படி கிடையாது. முதல் படி லாபம், இரண்டாவது நட்டம், மூன்றாவது லாபம் என்று எண்ணிக்கொண்டே போவோம். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். எட்டு நட்டத்தில் முடியும். தரையிலிருந்து வாசல் வரை நாலரை அடி. எட்டாக வகுத்தால் படி ஒன்று ஆறே முக்கால் அங்குலம், சின்னப் பிள்ளைக்கு உயரம். ஒன்பதாக வகுத்தால் சுத்தமாக ஆறு அங்குலம். யாரையும் கேட்காமல் ஒன்பது வைத்துவிட்டேன்.

வாத்தியார் வந்து பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "நாஞ் சொன்னது எட்டுங்க மேஸ்திரி. இதென்னங்க, மொட்டையா ஒரு கல்லு?"

"நாப்பது வருசமா நட்டத்துல ஒரு படியும் முடிச்சதில்லைங்க."

"இது மூடநம்பிக்கைங்க."

"அது இருந்துட்டுப் போகுதுங்க. உங்க கணக்கு இருவது வயசோட நின்னுபோச்சுங்களே. அதுக்கு மேல அந்த நாட்டுல யாரும் பொழைக்கலீங்களா?"

 அவர் மொட்டைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தாடையைத் தடவிக்கொண்டு, "ஸாக்கேன்" என்றார். தாடிக்காரன், கிழவன் என்று அர்த்தமாம். அடுத்த வாரமே அதை வெட்டினோம். காமூலுக்கு அவர் எழுதிக் கொடுத்த நாலு முழத் தமிழை அடித்துவிட்டு, 'பால் மறந்த பிள்ளை' என்று போட்டதும் நான்தான்.

ஒன்பதரை மணிக்குக் கோபி. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தேன். பள்ளி வாசலில் பந்தல். சுவரில் புதுக் கல்வெட்டு. மேலிருந்து கீழே விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதினோரு பெயர். மைக் செட்டுக்குக் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. கட்டியவர் என்ற இடத்தில் 'கட்டடக் குழு'. குழுவில் ஒருவர் கையிலும் கொத்தனார் கரணை பிடித்த காய்ப்பு இருக்காது.

பதினோரு மணிக்கு, சென்னையிலிருந்து வந்திருந்த விருந்தினர் பேசினார். "எட்டோடு நிறுத்தாமல் ஒன்பதாவதாக முதுமையை வைத்தாரே, அதுதான் நம் ஞானமுத்து ஐயாவின் ஆழ்ந்த சிந்தனை." கைதட்டினார்கள். மேடையில் வாத்தியார் தலை குனிந்து மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று கூட்டம் முடிகிற வரை காத்திருந்தேன். சொல்லவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போக, நான் ஒன்பதாவது படியில் உட்கார்ந்தேன். சேலையில் பேட்ஜ் குத்திய ஒரு டீச்சர் வந்தார்.

"ஏனுங்கய்யா, வழியில உக்காந்துபோட்டீங்க. ஆளுக வாராங்க, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். அந்த அம்மணிக்கு என்ன தெரியும்?

வாத்தியார் கை கழுவிவிட்டு வந்தபோது மறித்தேன். "வாத்தியாரே, ஒம்போதாவது படி யாருதுங்க?"

"ஸாக்கேன்கிற சொல்லைச் சொன்னது நானுங்களே."

"சொல்லு உங்களுதுங்க. அது நிக்கற கல்லு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க. உங்க பேரைச் சொன்னா ஏன் ஒம்போதுன்னு கேப்பாங்க. மிஷன் பள்ளிக்கூடத்துல லாப நட்டம் பாத்துக் கட்டுனோம்னு மேடையில எப்படிங்க சொல்றது?"

"அந்தக் கணக்கு இல்லீன்னா உங்க தாடிக்காரனுக்கு நிக்கவே எடமில்லீங்க."

"செரிங்க, குழுவுல பேசிப் பாக்கறேன். சாப்பிட்டுப் போங்க."

சாப்பிடவில்லை. படியை எண்ணிக்கொண்டே இறங்கினேன். இறங்கும்போதும் லாபத்தில்தான் முடிந்தது. நான் வைத்த படி அப்படி.

மூன்று மணி பஸ்ஸில் அதே நடத்துனர். என் கழுத்தைப் பார்த்தார். "மாலை எங்கீங்க?"

"வாடிப்போச்சு கண்ணு, வீசிப்போட்டேன்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் நீட்டிய இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு, சில்லறையும் டிக்கெட்டும் கொடுத்தார். அவ்வளவு மரியாதை எனக்கு அன்று வேறு எங்கும் கிடைக்கவில்லை.

ஏழு மணிக்குப் போத்தனூர் வந்தேன். நான் கட்டிய பதினெட்டு வீட்டையும் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். அவற்றிலும் என் பெயர் இல்லை. அங்கே நான் கேட்டதும் இல்லை. வாங்கிய கூலிக்குச் சுவர் வைத்தேன், அதோடு சரி. கோபிப் படி அப்படியில்லை. இருபது வயசுக்கு மேல் யாரும் பிழைக்கவில்லையா என்று நான் கேட்ட கேள்வி அதில் இருக்கிறது.

மாசி போய் ஆவணி வந்துவிட்டது. குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதாம். ஆகவே இதைப் படிக்கிற பள்ளிக்கூடத்தாருக்குச் சொல்கிறேன். ஒன்பதாவது படியின் இடது ஓரத்தில் ஒரு சாண் கல்லை வெறுமையாக விட்டிருக்கிறேன். மறந்து விட்ட இடம் அல்ல அது. 'இந்தப் படியை வைத்துக் கேள்வி கேட்டவன் போத்தனூர் மேஸ்திரி கருப்பண்ணன்' என்று அங்கே வெட்ட வேண்டும். ஏன் ஒன்பது என்று எழுதக் கூச்சமாக இருந்தால் காரணத்தை விட்டுவிடுங்கள். பெயரை விடக் கூடாது.