மூன்று நிமிடத்தில் ஐம்பத்தோரு தட்டு

போன வாரம் கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். மகன் வெளிநாட்டிலிருந்து ஹேண்டிகேம் வாங்கி வந்திருக்கிறானாம். "சார், வீட்டுலயே எடிட்டிங் பண்ணிரலாம்னு இருக்கோம். என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்? ராம் எம்புட்டு வேணும்?"

எனக்குத் தெரிந்ததை அரை மணி நேரம் அளந்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது... முக்கியமானதைச் சொல்லவே இல்லை! அதை இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் மானம் போகும். பரவாயில்லை, இந்தப் பக்கத்தில் அது வாராவாரம் போவதுதானே?

முதலில், போனில் சொன்னவை. சின்ன டேப் போடுகிற கேமரா என்றால் கம்ப்யூட்டரில் அதை இணைக்கிற ஃபயர்வயர் கார்டு கட்டாயம். ஒரு மணி நேர டேப்பை உள்ளே ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஏற்றினால் பதின்மூன்று ஜி.பி. இடத்தை விழுங்கும். அதனால் வீடியோவுக்கென்று தனி ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். ராம் ஒரு ஜி.பி. போதும். யு.பி.எஸ். இல்லாமல் மட்டும் உட்காராதீர்கள் — நம்மூர் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது.

இவ்வளவும் என்னிடம் இருந்தது. இருந்தும் என்ன?

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகளுக்கு எங்கள் தேனியிலேயே ஒரு மண்டபம் பிடித்துக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன், அதாவது என் மனைவியின் அண்ணன், தேவாரம் ஊர்க்காரர். இரண்டு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். ஐம்பத்தோரு சீர்த்தட்டு. மெயின் ரோட்டிலிருந்து மேளம் முழங்க, வெடி போட்டு, நின்று நின்று மண்டபம் வரை ஊர்வலம். மச்சான் மாலையோடு முன்னால். பக்கத்தில் பட்டுப்பாவாடைத் தட்டோடு அவர் மனைவி. பின்னால் அவர் தெருவே வந்தது.

"வீடியோவுக்கு ஆள் சொல்லட்டுமா மாப்ள?" என்று மச்சான் முன்பே கேட்டிருந்தார். "எதுக்கு மச்சான்? நானே எடுத்துருவேன்" என்றேன். புது கேமரா. புது கம்ப்யூட்டர். கை சும்மா இருக்குமா?

எடுத்தேன். டேப்பில் முதல் எட்டு நிமிடம் மண்டப அலங்காரம், அதன் பிறகு ஊர்வலம் மட்டும் முப்பத்தெட்டு நிமிடம். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு டைரக்டர் முழித்துக்கொண்டார். ஒரே மாதிரி தட்டு, ஒரே மாதிரி நடை... யார் பார்ப்பார்கள்? ஸ்பீடை ஏற்றிவிட்டேன். முப்பத்தெட்டு நிமிடம் மூன்று நிமிடம் ஆனது. அடியில் ஒரு டிரம்ஸ் இசை. பக்கம் புரள்கிற மாதிரி ஒரு எஃபெக்ட். ஆபீசில் போட்டுக் காட்டினேன். "சும்மா பறக்குது சார்!" என்றார்கள்.

பறந்தது மச்சானின் மாலை என்பதை நான் யோசிக்கவில்லை.

டி.வி.டி. தேவாரம் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சானிடமிருந்து போன்.

"மாப்ள, தட்டு எடுத்தாந்தவுக பூராப் பேரும் நம்ம வீட்டுலதான் உக்காந்திருக்காக. டிவியில ஒருத்தர் மொகமும் நிக்கல. எல்லாரும் வெறி நாய் வெரட்டுன மாதிரி ஓடுறாக. பிள்ளைக சிரிக்குதுக. என்னத்த எடுத்தீக?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"மச்சான், அதுக்குப் பேருதான் எடிட்டிங். நீளமா இருந்தா போரடிக்கும்ல?"

"யாருக்கு?" என்றார். போன் கட்.

அதன் பிறகு அவர் என் போனையும் எடுக்கவில்லை, தங்கச்சி போனையும் எடுக்கவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமானதிலிருந்து ஒரு வருடம் தவறாமல் அரிசி, வெல்லம், கரும்போடு பொங்கச்சீர் கொண்டு வருகிறவர். "எங்கண்ணன் இந்த வருசம் வாசப்படி மிதிக்கலன்னா, அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிக் கிணத்துல போட்டுருவேன்" என்றாள் என் மனைவி. சொல்லும்போது அழுதாள். சீருக்காக அழவில்லை, அண்ணனுக்காக அழுதாள். எனக்கு அசிங்கமாக இருந்தது.

சரி, ஸ்பீடைக் குறைத்து மறுபடி போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். இடம் வேண்டும் என்று ஹார்ட் டிஸ்க்கில் இருந்த வீடியோவை அழித்திருந்தேன். ஆனால் நான் யார்? முன்ஜாக்கிரதையாக ப்ராஜெக்ட் ஃபைலை ஒரு சி.டி.யில் காப்பி எடுத்து வைத்திருந்தேனே! திறந்தேன். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்புக் கட்டம்.

கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ரபீக்கிடம் ஓடினேன். சி.டி.யைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இதுல இருக்கிறது சமையல் குறிப்பு மட்டுந்தான். எந்த இடத்துல வெட்டணும், எங்க ஒட்டணும்னு. அரிசி பருப்ப நீங்க அழிச்சுட்டீக."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "சீர் வரிசையில நாங்க கத்திரியே வைக்க மாட்டோம் சார். மத்தது எதை வேணாலும் வெட்டுங்க, ஒருத்தரும் கேட்க மாட்டாக. தட்டு தூக்குன ஆள் மொகம் விழலன்னா கடைக்கே வந்துருவாக. டேப் இருக்கா, இல்ல அதையும்...?"

டேப் இருந்தது. இருந்தது என்றா சொல்வது? லேபிள் ஒட்டாத டேப். அதே டேப்பைப் போட்டுத்தான் அதற்கு முந்தின மாதம் வைகை அணைக்குப் போய்வந்தேன்.

ரபீக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். பூங்கா. ஊஞ்சல். மதகு. மீன் வறுபடுவதை மட்டும் நாலு நிமிடம் எடுத்திருக்கிறேன்! ஒரு மனிதன் மீனை நாலு நிமிடம் எடுப்பானா? பதினைந்து, இருபது, இருபத்தைந்து நிமிடம்... இருபத்தேழாவது நிமிடத்தில் என் மகள் ஐஸ் சப்பிக்கொண்டே கேமராவைப் பிடுங்க வந்தாள். படம் ஆடியது. ஒரு நீலக் கோடு.

மேளச் சத்தம்.

கண் கலங்கிவிட்டது. ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வாங்க வந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

மிச்சம் பத்தொன்பது நிமிடம். ஊர்வலத்தின் பின்பாதி. தேங்காய்த் தட்டு, வாழைப்பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு எடுத்து வந்த தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். முன்பாதி மீன் வறுவலுக்கு அடியில் போய்விட்டது. அந்த முன்பாதியில்தான் மச்சானும் அவர் மனைவியும்.

யார் கோபித்துக்கொண்டாரோ, அவரே படத்தில் இல்லை. இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஒரு வெட்டும் இல்லாமல் டி.வி.டி. போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு தேவாரம் போனோம். மச்சான் "வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். என் மனைவி வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டு வந்தாள்.

போட்டேன்.

"ஏ ஆத்தா, அது நாந்தான்! எந்தலையில பூவு எம்புட்டு இருக்கு பாரு!"

"அங்கன பாரு, அங்கன... ஓரத்துல நிக்கிறது எங்க வீட்டுக்காரரு!"

"ஏலே, அத நிப்பாட்டு. இன்னொருக்காப் போடு."

பத்தொன்பது நிமிடப் படம் ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. யாருக்குப் போரடிக்கும் என்று மச்சான் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு அவரிடம் போனேன். "மச்சான்... நீங்களும் அக்காவும் முன்னாடி வந்தது இதுல இல்ல. அது மேலயே வேற எடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தாய்மாமன் நான் வராம வேற யாரு வந்திருப்பா மாப்ள? அது டிவியில தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? இவுக தெனம் விடியக் கருக்கல்ல ஜீப்பேறி கேரளாவுல ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவுக. ஒரு நாள் வேலைய விட்டுட்டு எனக்காக வந்து தட்டு தூக்குனாக. அவுக வந்தது தெரியணும்ல?"

அவர் கோபப்பட்டது தன் மாலைக்காக என்றே அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனவே, கெங்குவார்பட்டி அன்பரே, ராமுக்கு முன்னால் இதைக் கவனியுங்கள். டேப்பின் முதுகில் நகம் அளவுக்கு ஒரு தாழ் இருக்கும். படம் எடுத்த கையோடு அதைத் தள்ளிவிடுங்கள், அதன் மேல் வேறு எதுவும் பதியாது. டேப்பில் பேனாவால் பெயர் எழுதுங்கள். புது விசேஷத்துக்குப் புது டேப். அசலைத் தொடாமல் வைத்துக்கொண்டு காப்பியில் உங்கள் திறமையைக் காட்டுங்கள். வெளியாட்களுக்கு ஐந்து நிமிடப் படம் போடலாம். விசேஷத்துக்கு வந்தவர்களுக்கு முழுசாகப் போடுங்கள்.

அன்று சாப்பாடு முடிந்து, மச்சான் எங்களை பஸ் ஏற்றிவிட வந்தார். பொங்கலுக்கு வந்துவிடுவதாகத் தங்கச்சியிடம் சொன்னார். என்னிடம், "மாசியில எங்க சின்னவளுக்குக் காதுகுத்து. கேமராவத் தூக்கிட்டு நீங்கதான் வரணும் மாப்ள" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பஸ் நகர்ந்தது. மச்சான் ஜன்னலோரமாகவே நாலு எட்டு கூட நடந்து வந்து சொன்னார்:

"கம்ப்யூட்டர மட்டும் தேனியிலயே விட்டுட்டு வந்துருங்க!"