எல் போர்டு வண்டியும் மழைக்குட்டைகளும்

பழனாத்தாள் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றால், அவள் பிறந்த ஹனூர்ப் பக்கத்து உறவுக்காரர்கள் இன்றைக்கும் "மாட்டு வண்டியா?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள், சில காலம் ஆயத்த ஆடை ஆலையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள். அதில் சேர்த்த காசில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது அங்கேயே விஜயநகர் பகுதியில் ஒரு புது கார், ஒரு பழைய கார், வாசலில் ஒரு போர்டு என்று சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருஷனிடம் ஓட்டக் கற்று, பாதி வழியில் சண்டை போட்டு இறங்கியவர்கள்.

பழனாத்தாள் யாரையும் அதட்டுவதில்லை. வளைவு வரும்போது, "ஏனுங்க மேடம், இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பாள். வண்டி அணையாமல், கை நடுங்காமல் பதில் வந்தால் லைசென்ஸுக்கு ஆள் தயார் என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பரீட்சை இது. ஆனால் அதில் தேறியவர்கள் அப்புறம் எங்கேயும் தோற்றதில்லை.

வசுதா தேறுகிற கட்டத்தில் இருந்தாள். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம், ஐம்பதைத் தாண்டிய வயது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான அவள் கணவர் திருநாராயணன், "உனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி வைத்த புண்ணியவான்.

ஒரு நாள் காலை கேள்வி போய், "கொழம்பு இல்லை பழனாத்தா, மிளகு சாத்தமுதுதான்" என்று ரசத்தை அவர்கள் வீட்டுப் பெயரில் சொல்லிப் பதிலும் வந்தது. வண்டி அலுங்கவில்லை. பழனாத்தாள் மனதுக்குள் நூற்றுக்கு நூறு போட்ட அதே நொடியில் முன்சக்கரம் ஒரு மழைக்குட்டையில் இறங்கி, இறங்கிக்கொண்டே போனது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம். தடுப்பும் இல்லை, ஒரு சிவப்புத் துணியும் இல்லை. ராத்திரி பெய்த மழை அதைச் சாலை மட்டத்துக்கு நிரப்பி வைத்திருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குத்தான் அச்சு முறிந்தது.

குழாய் வேலை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மகேந்திரன், தர்மபுரிக்காரர், வந்து பார்த்தார். "எல் போர்டு வண்டிக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பாவோம்? கண்ணு இருக்கறவங்களுக்கு அது பள்ளம்னு தெரியும். பேசிக்கிட்டே ஓட்டினா இப்படித்தான்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல், வண்டியைத் தூக்கிய பின் அந்தப் பள்ளத்தைச் சுற்றி மூன்று பக்கமும் தடுப்பு வைத்தார். செய்தி கேட்டு வந்த திருநாராயணன், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. சாலைக்கு இளைத்தது எல் போர்டு.

சாயங்காலம் வசுதா போன் செய்தாள். "என்னாலதான் ஆச்சு. எனக்கு இது வராது பழனாத்தா. நாளைலேர்ந்து வரலை."

பழனாத்தாளுக்கு வண்டி போனதைவிட இது வலித்தது. ஒரு வேளை பேச்சுக் கொடுத்தது நம் தப்போ? பிரேக் நம் காலடியிலும் இருந்ததே, நாமும்தானே பார்க்கவில்லை? தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, மழை விட்டதும், வீடு துடைக்கிற மாப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு அந்தச் சாலைக்குப் போனாள். ஒவ்வொரு குட்டையாகக் குத்திப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அவள் கவலைப்படவில்லை. ஒரு சின்னக் குட்டையில், பார்த்தால் குருவி குளிக்கிற ஆழம்தான் என்று தோன்றும், கட்டை பாதிக்கு மேல் உள்ளே போனது. உடனே இளநீர்க்காரர் நஞ்சுண்டசாமியிடம் சொல்லித் தெருமுனையிலேயே வண்டிகளைத் திருப்பிவிட ஏற்பாடு செய்தாள். பிறகு பழைய காரை எடுத்துவந்து மகேந்திரனைக் கூப்பிட்டாள்.

"கண்ணு இருந்தாத் தெரியும்னீங்களே. இந்தாங்க சாவி, இந்த ரோட்டக் கடந்து காட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்."

மகேந்திரன் சிரித்துக்கொண்டே ஏறினார். பெரிய குட்டையை ஒதுக்கி, அடுத்ததையும் ஒதுக்கி, எத்தனை வருஷமா ஓட்டறேன் என்கிற முகத்தோடு சின்னக் குட்டையை நோக்கி விட்டார். பழனாத்தாள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது.

"ஏம்மா, என்னாச்சு?"

அவள் மாப்புக் கட்டையை நீட்டினாள். அவர் இறங்கிக் குத்திப் பார்த்தார். கட்டை உள்ளே போகப் போக அவர் முகம் மாறியது.

"இத நேத்தே மூடச் சொன்னேனே."

"சொன்னீங்க. மூடுனாங்களான்னு பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றார். நல்ல மனுஷர்தான், மழுப்பவில்லை. உடனே ஆட்களைக் கூப்பிட்டுத் தடுப்பு வைக்கச் சொல்லி, வைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். "உங்க வண்டிய நாங்களே சரிபண்ணித் தர்றோம். மேலிடத்துல நான் பேசிக்கறேன்" என்றார்.

"அது சரிங்க. இன்னொருத்தர்கிட்டயும் சொல்லோணும்" என்று பழனாத்தாள் வசுதாவுக்குப் போன் போட்டாள்.

வசுதா நடந்தே வந்தாள். மகேந்திரன் தலையைச் சொறிந்தபடி, "தப்பு எங்களுதுதான் மேடம். என்னாலயே கண்டுபிடிக்க முடியல" என்றார். வசுதா பள்ளத்தைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இத எங்காத்துக்கு வந்து சொல்வேளா?" என்று கேட்டாள்.

"சொல்றேன் மேடம்."

பழனாத்தாள் சாவியை வசுதாவின் கையில் வைத்தாள்.

திருநாராயணன் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மகேந்திரன் பின்சீட்டிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் சொன்னார். திருநாராயணன் கேட்டுக்கொண்டார். வழக்கமான "நான் அப்பவே" வரவில்லை. அவர் பார்வை காருக்குப் போனது. ஓட்டுகிற இடத்தில் வசுதா உட்கார்ந்திருந்தாள்.

"நீயா ஓட்டிண்டு வந்த?"

"நான்தான்."

குழாயை மூடினார். கேட்டின் இரண்டு கதவையும் முழுசாகத் திறந்தார். "வெயில்ல ஏன் நிறுத்தியிருக்க? உள்ள கொண்டு வா" என்றார்.

பழனாத்தாள் கதவைத் திறந்து இறங்கி ஓரமாக நின்றுகொண்டாள். வசுதா தனியாகவே வண்டியை உள்ளே கொண்டுபோனாள்.