பக்கத்துக்கு ஒரு லைற்

இப்போது சிரித்துக்கொண்டே சொல்லலாம். போன நவம்பரில் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் பிழை விட்டவர்களில் நானும் ஒருத்தி.

தவமணி அக்கா கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் கட்டடத்தில், எங்கள் மாடியிலேயே, நாலு கதவு தள்ளி இருக்கிறார். ஒஷாவா கார்த் தொழிற்சாலையில் கமாரோ என்கிற காருக்குப் பின் லைற் பூட்டியவர். 2010 மொடலில் தொடங்கி, அந்தக் கார் அங்கே நின்றுபோன 2015 வரைக்கும் இடது பக்கம் முழுவதும் அவருடைய கைதான்.

காரில் அவருக்குப் பெரிய மோகம் எல்லாம் கிடையாது. வலது பக்கம் பூட்டிய மரியோதான் கார்ப் பைத்தியம். சாப்பாட்டு நேரத்தில் புராணத்தைத் தொடங்கிவிடுவானாம். அறுபத்தேழில் வந்த முதல் கமாரோவின் கதவில் காற்று வர ஒரு முக்கோணக் கண்ணாடி இருந்ததாம், அடுத்த வருடமே அதை எடுத்துவிட்டார்களாம். எழுபதுகளில் சட்டம் மாறி பம்பர் பருத்ததாம். எண்பதுகளில் உடம்பு மூலை மூலையாக மாறியதாம். 2002 இல் அடியோடு நிறுத்தி, பிறகு 2010 மொடலாக ஒஷாவாவில் மறுபிறப்பாம். "அவன் வாயை மூடினால்தானே பிள்ளை நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கலாம்" என்பார் அக்கா.

கடைசி வருடக் காரில் கறுப்பு ஒன்றை வேலையாட்களுக்கான விலைக்கழிவில் வாங்கினார். ஓட்டுவது அவருடைய கணவர் இரத்தினவேல் அண்ணை. முந்நூறு குதிரை வலுவை மாட்டு வண்டி மாதிரி ஓட்டுகிற மனிதர். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தால் கையெடுத்துக் கும்பிடுவார்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, தூறல் வேறு. பிளாசாவில் மீன் கடைக்கு வெளியே பின்பக்கமாக வந்த ஒரு கார் எங்கள் கட்டடத்துப் புனிதவதி அன்ரியைத் தட்டி விழுத்திவிட்டு நிற்காமலே போய்விட்டது. அன்ரிக்குக் கை முறிந்தது. கடைக் கமெராவில் காரின் பின்பக்கம்தான் விழுந்திருந்தது. இலக்கத் தகடு தெரியவில்லை. கறுப்புக் கமாரோ என்று யாரோ எழுதி அந்த வீடியோவை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்.

எங்கள் வட்டாரத்தில் கறுப்புக் கமாரோ என்றால் ஒரே ஆள்தான். "இரத்தினவேல் அண்ணையின்ர கார் போல கிடக்கு" என்று எழுதியது நான். என் விரலை ஒடிக்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை, அண்ணை அந்த நேரம் அதே பிளாசாவில் நின்றிருக்கிறார். செய்தி காதுக்கு வந்ததும் அவர் மறுத்துச் சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனிதர் நம்பிவிட்டார்.

"எனக்குப் பின்னால வடிவாத் தெரியிறேல்லை, தங்கச்சி. அந்தக் காரின்ர பின்கண்ணாடி கையளவுதான். தட்டியிருப்பன் போல. அந்த மனிசியின்ர கையை முறிச்சுப்போட்டு, இடியப்பம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணை சாப்பிடவில்லை. திங்கள் காலை பொலிசுக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்வதென்று முடிவு. கூடப் போகலாம் என்று நானும் போய்க் கதவைத் தட்டினேன். அவர் ஏற்கெனவே கோட் போட்டுக்கொண்டு நின்றார்.

தவமணி அக்கா எந்தக் குழுவிலும் இல்லாதவர். "போறது போவம். அதுக்கு முதல் அந்த வீடியோவை எனக்கு ஒருக்காக் காட்டு பிள்ளை" என்றார்.

காட்டினேன். மூன்று தரம் பார்த்தார். நாலாம் தரம் நிறுத்தச் சொன்னார்.

"உதில எத்தினை லைற்?"

"நாலு, அக்கா."

"பக்கத்துக்கு ரெண்டு. உது பழைய கார். 2014 மொடல் தொடங்கேக்கை ரெண்டையும் எடுத்துப்போட்டுப் பக்கத்துக்கு ஒரு நீட்டு லைற் தந்தவங்கள். அறுபதுகளில இருந்த மாதிரித் திருப்பிச் செய்யினமாம் எண்டு மரியோ சொன்னவன். எனக்கு ரெண்டு தரம் குனியிற வேலை ஒருதரமாப் போச்சுது. எந்த வருசம் மாறினது எண்டு குனிஞ்சு குனிஞ்சு நொந்த என்ர நாரிக்குத் தெரியும்."

மூன்று பேரும் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினோம். அண்ணை வீட்டுச் செருப்போடு வந்தார். லைற்றைப் போட்டதும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீட்டு விளக்குகள் எரிந்தன. அண்ணை அப்படியே குந்தி இடது லைற்றில் கையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

ஆனாலும் பொலிசுக்குப் போனோம். அதிகாரி வெளியே வந்து, என் போனையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது உங்கள் கார் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். இரண்டு வாரத்தில் ஒரு 2011 கமாரோவைக் கண்டுபிடித்தார்கள். குழுவில் நான் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு ஒரேயொருவர் கட்டைவிரல் போட்டார்.

அந்தத் திங்கள் பொலிசில் இருந்து திரும்பி வரும்போது அண்ணை றோட்டைப் பார்த்தபடியே அக்காவிடம் கேட்டார்.

"நீரும் நான்தான் எண்டு நினைச்சனீரோ?"

அக்கா பொய் சொல்லவில்லை. "ஓம். நேற்று முழுக்க நினைச்சனான். நானே அப்பிடி நினைச்சிட்டன் எண்டதைத்தான் தாங்கேலாமல் வீடியோவைக் கேட்டனான்."

அண்ணை அடுத்த சிக்னலில் காரை நிறுத்தினார். பிறகு, "நானே நினைச்சனான், பிறகென்ன" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார். பின்சீற்றில் இருந்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கட்டடத்துக்கு வந்ததும் அண்ணை காரைப் பின்பக்கமாக விட வேண்டியிருந்தது. "தங்கச்சி, ஒருக்கா இறங்கிப் பின்னால பாரும். நீர் சொன்னால்தான் எடுப்பன்" என்றார்.

என்னைத்தான் கேட்டார். நான் இறங்கிப்போய், இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்து, "வாங்கோ அண்ணை, ஒருத்தரும் இல்லை, பயப்பிடாமல் வாங்கோ" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.