கழிப்பறைச் சாவி

1. எங்கள் குளிர்பானக் கம்பெனியில் குளிர்பெட்டியைப் பூட்டுவதில்லை. யாரும் எடுத்துக் குடிக்கலாம்.
2. பெண்கள் கழிப்பறையைப் பூட்டி, சாவியை மேலாளர் வைத்துக்கொண்டார். வேலை நேரம் வீணாகிறதாம்.
3. அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பாட்டில் நிரப்பும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள்.
4. அவர்களில் ஆத்தூரிலிருந்து வரும் அக்கா மயங்கி விழுந்தார்.

கண் விழித்தவரிடம் மேலாளர் சிரித்தபடி மாம்பழ ஜூஸை நீட்டினார். “குடிங்கக்கா, நாமெல்லாம் ஒரே குடும்பம்ல!”

“இம்புட்டையும் குடிச்சுப்புட்டு, சாவிக்கு உங்க முன்னாடி வந்து நிக்கவா?” என்றார் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் நான். திருப்புளியோடு போய் அந்தப் பூட்டைக் கழற்றி, மேலாளர் மேசையில் வைத்தேன்.

இப்போது அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். மேலாளர் என்னோடு பேசுவதில்லை. அக்கா தண்ணீர் குடிக்கிறார்.