தணலில் வைத்த சோறு

பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ராசம்மாதான் ஆயா. வாய் நீளம். பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் தாயைப் பிடித்து ஏசுவாள். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் ஆறிய சோறு கொடுக்கமாட்டாள். இந்தக் குளிரில் அது ஆகாதாம். அதனால் இரவு ஆக்கிய பானையை இறக்காமல், அணைகிற தணலிலேயே விட்டுச் சாக்கைப் போர்த்தி வைப்பாள். காலையில் இன்னொரு கொதி. எங்கள் லயத்து வரிசையில் பாதி வீடுகளில் இதே கதைதான், அவளை மட்டும் சொல்லி என்ன?

அந்தச் சோற்றைத்தான் ஒரு காலையில் லோஜினி என்ற பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டினாள். மதியத்துக்குள் பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள்.

"ராத்திரி தணல்ல வச்ச சோத்த காலையில நல்லாக் கொதிக்க வச்சேனே டாக்டரையா!" என்றாள் ராசம்மா.

"கொதிச்சாலும் எல்லாக் கிருமியும் சாகாதும்மா. சிலது விதை மாதிரி ஓட்டுக்குள்ள சுருண்டு தூங்கிரும். அந்த வெதுவெதுப்புல முழிச்சுப் பெருகி விஷத்த விட்டுரும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது."

வார்டுக்குள்ளே, லோஜினியின் தாய் சுதர்ஷினி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "பாவி, நான்தானே காலையில கடையில வாங்குன பணிஸ் ரொட்டியக் குடுத்தேன்!"

ராசம்மா அவள் முதுகைத் தடவினாள். "அழாத புள்ள" என்றாள். அவ்வளவுதான். ஊரையே ஏசுகிற வாய், அங்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இனி எந்தத் தாயும் தன்னிடம் பிள்ளையை விடமாட்டாள் என்று பயம். வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கொலைகாரி, கொலைகாரி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடந்தாள்.

நல்லவேளை, பிள்ளை பிழைத்தது. மறுவாரம் சுதர்ஷினி பிள்ளையை ராசம்மா மடியில் இருத்தி, ஒரு டிபன் பெட்டியையும் நீட்டினாள்.

"இனிமே கடைச் சாமானே வேணாம் ஆயா. நானே ஆக்கிக் கொண்டாந்திருக்கேன்."

பெட்டி சுட்டது. "எப்ப ஆக்குன?"

"ராத்திரிதான். நீங்க வைக்கிற மாதிரியே தணல்ல வச்சிருந்தேன். ஆறவே இல்ல."

வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. சுதர்ஷினி திரும்பினாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. அவள் போனதும் சோற்றைக் கொட்டிவிடலாம் என்றுதான் ராசம்மா முதலில் நினைத்தாள். ஆனால் நாளைக்கு இவள் இதே மாதிரி வைத்து வீட்டிலேயே ஊட்டிவிட்டால்?

"நில்லு புள்ள! பணிஸ் ஒண்ணும் செய்யல. அன்னைக்கு நான் ஊட்டுன சோறுதான். இதே மாதிரி தணல்ல வச்சது. டாக்டரு அப்பவே சொன்னாரு. நான்தான் வாயத் தொறக்கல."

சுதர்ஷினி ஏசவில்லை. குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கி நானே வெஷம் குடுத்துட்டேன்னு இத்தன நாளா அழுதேன். நீங்க முதுகத் தடவிக்கிட்டு நின்னீங்க ஆயா."

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. தாயின் தோளுக்கு மேலே கையை நீட்டி, "ஆயா, ஆயா" என்று அழுதுகொண்டே போனாள் லோஜினி.